கிரில்லில் கை வைக்காதே

பிஸ்கட்டுக்கு நன்றி, சார்ஜென்ட் கௌர். இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். எந்த நொடியில் அது உடைந்து கோப்பைக்குள் விழும் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் நனைப்பார்கள். லின்னெட் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த ரகம்தான்.

என் பெயர் மால்கம் ட்ரான்டர். ரூபரி கடைத்தெருவில் சுவருக்கு ஒட்டும் பூக்காகிதம் விற்றுக்கொண்டிருந்தவன், இப்போது ஓய்வு. வென்லாக் லின்னெட் உரிமையாளர் சங்கத்தின் மிட்லண்ட்ஸ் கிளைக்குச் செயலாளர். இந்த மழையில் நான் உங்கள் நிலையத்துக்கு வந்தது ஒருத்தியின் நல்ல பெயரைக் காப்பாற்ற. அவள் க்ளைவ் யார்ட்லி வீட்டுச் சரிவில் நிற்கிறாள். காரமல் நிறம், நான்கு கதவு, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. அவளைக் கொலைகாரி என்று ஊரே சொல்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நீங்கள் உதட்டைக் கடிப்பது தெரிகிறது. பரவாயில்லை, சிரியுங்கள். லின்னெட் என்றாலே சிரிப்பு வரும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். லின்னெட்டுக்கு எதற்கு நான்கு கதவு, நான்கு பேர் இறங்கித் தள்ளுவதற்கு. என் மைத்துனர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வான்கோழியை வெட்டும்போது இதைச் சொல்வார். நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிரிப்பேன். சற்று முன்னால் நீங்களே சொன்னீர்கள்: "எங்கப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு மிஸ்டர் ட்ரான்டர். ஸ்மெதிக்ல எங்க தெருவுல அந்த வண்டியத் தள்ளாத வீடே கிடையாது." நீங்கள் அதைக் குறையாகச் சொன்னீர்கள். நான் கேட்கிறேன், இப்போது விற்கும் வண்டிகளில் எது ஒரு தெருவையே ஒன்று சேர்க்கிறது?

எங்கள் சங்கத்தில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு. பழுது. யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்றைய கூட்டத்தின் தேநீர்க் கோப்பைகள் அத்தனையையும் அவர்தான் கழுவ வேண்டும். லின்னெட் பழுதாவதில்லை. அவளுக்குச் சில நேரம் மனசில்லை, அவ்வளவுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் இழுவை வண்டிக்காரன் வந்து, "என்னய்யா பழுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, மனசில்ல" என்போம். அவன் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பான். பார்க்கட்டும்.

என் மனைவி பெரில் என்னை விட்டுப் போன நாளில் நான்தான் அவளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதாக இருந்தேன். பெருந்தன்மைக்கு ஒரு அளவு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தெரு முனையில் லின்னெட்டுக்கு மனசில்லை. பெரில் கோபமாகப் பெட்டியோடு இறங்கினாள். பழக்க தோஷத்தில் நேராக வண்டிக்குப் பின்னால் போய் நல்ல தூரம் தள்ளினாள். அப்புறம்தான் தான் எதற்குக் கிளம்பினோம் என்று அவளுக்கு நினைவு வந்து, கையைத் தட்டிக்கொண்டு டாக்சியைக் கூப்பிட்டாள். தள்ளும்போது அவள் சிரித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் மணவாழ்க்கையின் மிக நல்ல நிமிடங்களில் அதுவும் ஒன்று.

முன்னாலிருந்து தள்ளுவதாக இருந்தால் மட்டும் ஒரு விதி உண்டு. லின்னெட்டின் மூக்கில் காற்றுப் புகுவதற்காக இருக்கும் வலைச்சட்டம், அந்தக் கிரில், பிளாஸ்டிக். இத்தனை வருஷத்துக் குளிருக்கும் வெயிலுக்கும் உங்கள் பிஸ்கட்டைவிடப் பொருபொருவென்று ஆகிவிட்டது. அதை வார்த்த அச்சைத் தொழிற்சாலை மூடியபோதே உருக்கிவிட்டார்கள். ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறைகிறது. அதனால் சங்கத்தில் சேருகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, கிரில்லில் கை வைக்காதே என்பதுதான். கதவுத் தூணைப் பிடித்துத் தள்ள வேண்டும். மேடாக இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர்.

க்ளைவ் யார்ட்லிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே காட்சியறையில், ஒரே வாரத்தில் லின்னெட் வாங்கியவர்கள். அவனுடையது காரமல், என்னுடையது பட்டாணிப் பச்சை. வழியில் பார்த்துக்கொண்டால் விளக்கைச் சிமிட்டுவோம்; என் விளக்கு எரியாவிட்டால் நான் கை ஆட்டுவேன். நல்ல மனிதன். அவன் மனைவி மொரீன் செய்யும் எலுமிச்சை கேக்குக்காகவே எங்கள் கிளைக்கு உறுப்பினர்கள் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த க்ளைவ்தான் வசந்தகாலச் சந்திப்பில், லிக்கி குன்றடியில், தூறலில் கூடாரத்துக்குள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது கரண்டியால் கோப்பையைத் தட்டினான்.

"ஒரு நல்ல சேதி. நம்ம காரமல் பொண்ணுக்கு மின்சார மோட்டார் வைக்கப்போறேன். இடிபட்டுக் கிடந்த ஜப்பான் வண்டியிலருந்து எடுத்தது. சாவியத் திருப்பினா கிளம்பும். தினமும்."

நான்தான் முதலில், "தினமுமா?" என்று கேட்டேன்.

"தினமும்டா மால்கம். எனக்கும் வயசாகுது. மொரீனுக்கு இடுப்பு சரியில்ல. இன்னும் எத்தன நாளைக்கு அவளத் தள்ளச் சொல்றது?"

"நான் தள்ளாம யாரு தள்ளுவா?" என்றாள் மொரீன். கூடாரமே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக க்ளைவைச் சூழ்ந்துகொண்டு, அந்த மோட்டார் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எல்லா லின்னெட்டும் தினமும் காலையில் கிளம்பினால், சார்ஜென்ட், எங்களுக்கு ஒருவரை ஒருவர் பார்க்க என்ன காரணம் இருக்கிறது? யார் யாரைத் தள்ளுவது? உள்ளே ஜப்பான்காரன் இதயத்தை வைத்துக்கொண்டு வெளியே காரமல் நிறத்தில் ஊரை ஏமாற்றுவதற்குப் பெயர் விசுவாசமா? வீட்டுக்கு வந்து வெகு நேரம் யோசித்தேன். எனக்குக் கோபமே இல்லை. க்ளைவ் இறந்துபோனால் நல்லது என்ற முடிவுக்கு நிதானமாகத்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் என்னை உதவிக்குக் கூப்பிட்டான். அவன் வீட்டு முற்றம் தெருவிலிருந்து கார் கொட்டகையை நோக்கிச் சரிவாக இறங்கும். லின்னெட் சரிவில் மூக்கு கீழே பார்த்தபடி நின்றாள். கொட்டகைக் கதவுக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் உட்கார்ந்து அவன் மோட்டாருக்கு அளவெடுக்க வேண்டும். நாங்கள் வண்டியைக் கியரில் விட்டு நிறுத்துவதில்லை; சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைப்பதும் இல்லை. இரண்டும் கைப்பிரேக்கை நம்பாததற்கு அடையாளம், அவளுக்கு அவமரியாதை. ஆகவே அவளை அங்கே பிடித்து நிறுத்தியிருந்தது கைப்பிரேக் ஒன்றுதான்.

க்ளைவ் அளவு நாடாவைத் தேடி உள்ளே போனான். நான் கைப்பிரேக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் நட்டை ஸ்பானரால் தளர்த்தினேன். பல சுற்று. இன்னும் ஒரு அசைவு போதும், அவள் உருள்வாள் என்ற அளவுக்குத் தளர்த்திவிட்டு, கையில் எண்ணெய் பட்டிருந்ததால் கழுவச் சமையலறைக்குப் போனேன். மொரீன் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது லின்னெட் மெதுவாக, மிகக் கண்ணியமாக உருண்டாள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

கொலை இதுதான், சார்ஜென்ட். என் கையால் செய்தது. ஆனால் விசாரணையில் என்ன சொன்னார்கள்? கைப்பிரேக் பழுதால் நேர்ந்த விபத்து என்றார்கள். அந்தச் சொல்லையேதான் சொன்னார்கள், அத்தனை பேர் முன்னால். செய்தித்தாளில், லின்னெட் கடைசியில் ஒருவரைக் கொன்றேவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். மைத்துனர் அதை வெட்டி எனக்குத் தபாலில் அனுப்பினார். பேசாமல் இருந்தால் நான் தப்பித்திருப்பேன். எந்தப் போலீஸ்காரரும் லின்னெட் பிரேக்கை யாராவது தளர்த்தியிருப்பார்களா என்று யோசிக்கவே மாட்டார். இத்தனை வருஷக் கிண்டலும் சேர்ந்து எனக்குக் காவல் நின்றது. ஆனால் அவள் பெயரைக் கெடுத்துக்கொண்டு நான் வெளியே உலாவுவதா? என்னைச் சிறையில் போடுங்கள். அவளுடைய பிரேக் நல்ல பிரேக் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

நட்டு இறுக்கமாக இருந்ததா? இருக்காது. "மிஸ்டர் ட்ரான்டர், வண்டியப் பரிசோதிச்சவர் சொல்றாரு, நட்டு டைட்டா இருந்துச்சு. நீங்க கை கழுவப் போனப்போ க்ளைவ் ஸ்பானர எடுத்து இறுக்கினத மொரீன் ஜன்னல்ல பாத்திருக்காங்க. 'மறுபடியும் லூசாயிருச்சா கண்ணு'ன்னு வண்டிகிட்ட பேசிக்கிட்டே இறுக்கினாராம். அப்புறம்தான் முன்னால போய் உக்காந்தாரு. கம்பி தானா அறுந்திருக்கு." நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பரிசோதகர் வந்திறங்கியது எந்த வண்டியில் என்று விசாரித்தீர்களா? ஜெர்மன் வண்டி. அவருக்கு லின்னெட்டின் கம்பியைப் பற்றி என்ன தெரியும்? அது அறுகிற கம்பி இல்லை. நான் தளர்த்தியதால்தான் உருண்டாள். வேறு மாதிரி நடந்திருக்க வழியில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன் என்றால் உங்களுக்கென்ன நஷ்டம்?

சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். நான் கேக்குத் தட்டை வைத்துவிட்டு வெளியே போனேன். கொட்டகைக் கதவுக்கும் பம்பருக்கும் நடுவில் க்ளைவ் நெஞ்சு நசுங்க உட்கார்ந்திருந்தான். நினைவு இருந்தது. நானும் மனிதன்தானே, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், பின்னால் எடுத்துப் பார்க்கலாமென்று. அவளுக்கு மனசில்லை. மறுபடி திருப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் தேங்கிவிடும். பொறுத்தேன். இறங்கி வந்து, எங்கே பிடித்துத் தள்ளுவது என்று பார்த்தேன். க்ளைவ் என் யோசனையைப் புரிந்துகொண்டான். மூச்சு வாங்க, "கிரில்ல கை வைக்காதடா மால்கம்... வேற கிடைக்காது" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் வைக்கத் துணிந்தவன்தான், ஆனாலும் உள்ளுக்குள் எங்களில் ஒருவன். ஒரு நிமிடம் அவனை மன்னித்தேவிட்டேன்.

கதவுத் தூணைப் பிடித்து நான் ஒருவனாகத் தள்ளினேன். மேடு. அவள் அசையவில்லை.

அதற்குள் மொரீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். ஆமாம், இன்னொரு பக்கத் தூணை அவள் பிடித்திருந்தால் இரண்டு பேராகியிருக்கும். ஆனால் பதற்றத்தில் அவளுக்கு முறை மறந்துவிட்டது. நேராக முன்னால் போய், இரண்டு கையையும் கிரில்லில் வைத்து முட்டுக்கொடுத்தாள். அவள் பலசாலி, அத்தனை வருஷம் தள்ளியவள். வண்டி அரை அங்குலம் பின்னால் போனதுகூட எனக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் ஒரு முறை முனகியது.

"விடு மொரீன், உடைஞ்சிரும்" என்றேன்.

"உடையட்டும், தள்ளு" என்று கத்தினாள்.

அப்படிக் கத்துகிறவளிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவள் மணிக்கட்டு இரண்டையும் பிடித்து இழுத்து, க்ளைவ் அமைதியாகும்வரை விடாமல் வைத்திருந்தேன். அவள் மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்ததைப் பற்றி நீங்கள் முன்பே கேட்டீர்கள் இல்லையா, வெளியே ஓடிவந்த பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை என்றீர்களே, அது இதனால்தான். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் கைக்குட்டையால் பம்பரைத் துடைத்துவைத்தேன், புகைப்படம் எடுப்பார்கள் என்று.

இப்போது மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்கள்? நட்டைப் பற்றிச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டீர்கள், ஒன்றுமில்லாத இதைப் போய் எழுதுகிறீர்கள். நான் கைதாகத்தானே வந்திருக்கிறேன், தாராளமாகக் கைது செய்யுங்கள். ஆனால் நட்டுக்காகச் செய்யுங்கள். மொரீனின் கையைப் பிடித்ததில் என்ன தப்பு இருக்கிறது? போய்ப் பாருங்கள் சார்ஜென்ட், கிரில்லில் ஒரு கீறல்கூட இல்லை.