ஆழமில்லை

போஸ்டர் ஒட்டுவது பலரும் நினைப்பதுபோல் சில்லறை வேலை இல்லை. சுவரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். பசையைச் சீராகத் தடவ வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அன்று காலை நான் ஒட்டியதில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. நீங்கள் எடுத்த புகைப்படங்களிலேயே அது தெரியும்.

நீங்கள் கேட்பது வேறு என்று தெரிகிறது. சொல்கிறேன். உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் முதலிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருட மாணவர்கள் ஏதாவது ஒரு பொது இடத்துக்குப் போஸ்டர்கள் செய்ய வேண்டும். படம் கூடாது, வெறும் எழுத்து. இந்த வருடம் நகராட்சி நீச்சல் குளம் கிடைத்தது. குளத்தைப் புதுப்பித்து, தரை முழுவதும் ஒரே நீல ஓடு பதித்திருந்தார்கள். விளிம்பில் இருந்த ஆழ எண்கள் பழைய ஓடுகளோடு போய்விட்டன. எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் இடுப்பளவு என்று பார்வைக்குத் தெரியாது. புது எண்கள் வரும்வரை எங்கள் போஸ்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது, இடுப்பளவுத் தண்ணீர் இருக்கும் பக்கத்துத் தலைப்பக்கச் சுவர். அது எனக்குத்தான் என்று வகுப்பே நினைத்தது. பேராசிரியர் அதைத் தார்ச்சட்டிக்குக் கொடுத்தார்.

தார்ச்சட்டி என்பது நான் வைத்த பெயர். அவள் எழுத்தெல்லாம் தாரில் தூரிகையை முக்கி இழுத்த மாதிரி இருக்கும். அந்தச் சுவருக்கு அவள் செய்ததும் அப்படித்தான். மஞ்சளில் கறுப்பு. ‘ஆழமில்லை. குதிக்காதே.’ லாரிக்குப் பின்னால் எழுதுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் மெனக்கெடுவான். பேராசிரியர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டேன்.

“ஓடி வர்றவங்க ஓடிக்கிட்டேதான படிப்பாங்க? அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றாள்.

வகுப்பு தலையாட்டியது. அது எதற்கும் தலையாட்டும் வகுப்பு.

எனக்கு விழுந்தது உடை மாற்றும் அறைக் கதவு. ‘செருப்பை வெளியே விடவும்.’ அதை ஒப்புக்குச் செய்து கொடுத்துவிட்டு, அவளுடைய அதே இரண்டு சொற்களை எனக்காக எழுதினேன். ழகரத்தின் வாலை நீட்டி வளைத்து, மற்ற எழுத்துகளையெல்லாம் அதன் மேல் மிதக்கவிட்டேன். சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அலையாயின. புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன். நிறம் வெளிர்நீலம், ஓட்டின் நிறத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு. அப்படி ஒன்றை அந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் செய்ததில்லை.

திறப்பு நாளன்று காலையில் போய் அவளுடையதை உரித்துவிட்டு என்னுடையதை ஒட்டினேன். குளத்துக் காவலாளி வந்து நின்றார்.

“பழசு எங்க தம்பி?”

“கல்லூரியிலேயே மாத்தச் சொல்லிட்டாங்க” என்றேன்.

“இது என்ன, ஏதும் கொடியா?”

நான் ஓரங்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

மக்களை உள்ளே விட்டபோது பேராசிரியரும் தார்ச்சட்டியும் வாசலில் விருந்தினர்களுக்காக நின்றிருந்தார்கள். நான் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர்களில் ஒருவர் நேராக என் போஸ்டருக்கு முன்னால் போய் நின்றார். துண்டைத் தோளில் போட்டிருந்தார், நல்ல உடற்கட்டு. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“என் தங்கச்சி எழுதினது” என்றார். “தலைப்பக்கச் சுவர் என்னோடதுண்ணான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அழகா இருக்கு இல்ல?”

அவர் பஸ் கண்டக்டர் என்பதும், அவளைப் படிக்கவைத்தது அவர்தான் என்பதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கையெழுத்தைப் பார்த்து, ஒருவர் அவளுடையது என்று சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்குன்னுதான் எனக்குப் பிடிபடல. நீங்க சொல்லுங்களேன்” என்றார்.

“நிதானமாப் பாருங்க. தெரியும்” என்றேன்.

மறுபடி பார்த்தார். பிறகு, தனக்கு அவ்வளவுதான் அறிவு என்பதுபோல் சிரித்துக்கொண்டே துண்டை என் பெஞ்சில் வைத்தார். பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காவலாளிதான் முதலில் இறங்கினார். தார்ச்சட்டி வாசலிலிருந்து ஓடி வந்து அப்படியே தண்ணீருக்குள் போனாள். அவளுக்கு இடுப்புவரைதான் இருந்தது. அண்ணனின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஒரே பார்வை. உடனே என்னைத் தேடினாள். அவள் அதைப் படித்துவிட்டாள். படிக்கவே முடியாத எழுத்து என்று பேராசிரியர் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அவளால் எப்படி முடிந்தது என்று அவரைக் கேளுங்கள்.

அவள் அண்ணன் இறந்துவிட்டதாக நேற்று சொன்னீர்கள். வருத்தம்தான். அவருக்குக் கண் பழக்கம் இல்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். அவர் விளிம்புக்குப் போனதைப் பார்த்தேன். கைகளைத் தலைக்கு மேல் சேர்த்ததையும் பார்த்தேன். அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ‘நில்லுங்க’ என்று ஒரு சொல் போதும், நின்றிருப்பார். ஆனால் அவரை நிறுத்தியது என் குரல் என்றுதானே ஆகியிருக்கும்? என் எழுத்து நிறுத்துகிறதா என்று பார்க்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.