ஆஸுக்குப் பயப்படாதவர்

ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வேலை உடுப்போடு இரண்டு பேர். மூத்தவர் சொன்னார்:

“ஆஸுக்குப் பயந்து நான் சீட்டைக் கீழை வைச்சு விலகேல்லை.”

“போக்கரிலையோ, அண்ணை?”

“ஓம். மேசையிலை கடைசிப் பொதுச் சீட்டா ஆஸ் விழுந்தது. எதிரிலை இருந்தவன் உடனை எட்டு டொலர் கட்டினான். மற்ற எல்லாரும் ஆஸுக்குப் பயந்து விலகிட்டினம். என்னட்டை ரெண்டு ஜாக். மிஞ்சின எட்டு டொலரையும் தள்ளினன். பாத்தா, அவன்ரை கையிலை ஒண்டுமில்லை.”

“அவன் சும்மா வெருட்டுறான் எண்டு எப்பிடிப் பிடிச்சனீங்கள்?”

“பிடிக்க என்ன கிடக்கு? ஆஸை விட ஜாக் பெரிசுதானே.”

“அண்ணை, அது எங்கடை ஊர்ச் சீட்டாட்டம் முந்நூற்றிநாலிலை. போக்கரிலை ஆஸ்தான் பெரிசு.”

மூத்தவர் மணிக்கயிற்றை இழுத்துவிட்டு எழுந்தார்.

“போக்கர்காரர் என்னவும் சொல்லட்டும். வெண்டது ஜாக்தானே.”