நாலாம் நம்பர் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று நிமிடம்

தோமாயி: மூச்சு வாங்குதே அண்ணே... அந்தப் படியிலயே உக்காருங்க. இன்னிக்கும் வண்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கிட்ட விட்டுட்டு நடையா?

ஆர்கிரிஸ்: வேற எங்கேர்ந்து? இந்தத் தெசலோனிக்கியில எந்தக் கட்டடத்துக்கும் பதினைஞ்சு மீட்டர் தள்ளி ஒரு வண்டி நிக்கணும்னா, ஒண்ணு கடல்ல நிக்கணும், இல்லே கல்லறை வாசல்ல நிக்கணும்.

தோமாயி: செத்தவங்க புகார் குடுக்க மாட்டாங்க.

ஆர்கிரிஸ்: கூட்டம் போட்டு கையெழுத்தும் வாங்க மாட்டாங்க.

தோமாயி: குத்தறீங்களா? இந்தக் கட்டடத்துக்கு நிர்வாகின்னு என்னை உக்கார வெச்சிருக்காங்க. உங்க வண்டி உள்ள நிக்கக்கூடாதுன்னு பன்னெண்டு வீடும்தானே கையெழுத்துப் போட்டுச்சு! கீழ உங்க நாலாம் நம்பர் பார்க்கிங் இடத்துக்கு நேர் மேல என் படுக்கை. கீழ தீப்பிடிச்சா முதல்ல வேகறது நான்.

ஆர்கிரிஸ்: என் கரண்டு கார் தீப்பிடிக்கலை தோமாயிம்மா. 'பிடிக்கலாம், பதினைஞ்சு மீட்டர் தள்ளியே நிறுத்துங்க'ன்னு கம்பெனி கடுதாசி போட்டுச்சு. அந்த ஒரு 'லாம்'ல பதினாலு மாசமா நடக்கறேன்.

தோமாயி: மாத்து பேட்டரி எப்ப வருதாம்?

ஆர்கிரிஸ்: செவ்வாய்க்கிழமை சர்வீஸ் கூடத்துக்குப் போய்க் கேட்டேன். கப்பல் ஏறிடுச்சாம்.

தோமாயி: ஈஸ்டருக்கு முன்னாடியும் அதைத்தானே சொன்னாங்க?

ஆர்கிரிஸ்: அதே கப்பல்தான். இன்னும் இறங்கலை. சந்தையில நான் இப்படிச் சொல்லி ஆலிவ் வித்திருந்தா கூடையோட துரத்தியிருப்பாங்க. பேட்டரி வரிசையில நான் நூத்தி எண்பத்தேழாவது ஆளு. அங்க இருக்கற பொண்ணு சிரிச்சுக்கிட்டே காப்பி குடுக்குது... கோவப்படக்கூடத் தெம்பு இல்லை. குடிச்சிட்டு வந்துட்டேன். ஆமா, உங்க கழுத்துக்கு என்ன? ஒரு பக்கமாவே வெச்சிருக்கீங்க.

தோமாயி: பிடிச்சுக்கிச்சு. தூக்கம் சரியில்லை. விடுங்க.

ஆர்கிரிஸ்: விட்டேன். தோமாயிம்மா... ஒரு உதவி...

தோமாயி: முடியாது.

ஆர்கிரிஸ்: இன்னும் கேக்கவே இல்லையே!

தோமாயி: சந்தைக்காரர் 'ம்மா'வை அவ்வளவு நீளமா இழுத்தா பின்னால என்ன வரும்னு தெரியும்.

ஆர்கிரிஸ்: ஞாயித்துக்கிழமை வெரியாவுல பேத்திக்கு ஞானஸ்நானம். என் வீட்டுக்காரி ஃபொத்தினியோட பேரைத்தான் வைக்கறாங்க. அவ இடுப்பு ஆபரேஷன் ஆகி, பிப்ரவரியிலேர்ந்து வீட்டு வாசலைத் தாண்டலை. அவ பேரை அவ இல்லாமயே வைக்கறதா?

தோமாயி: எழுபது சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏத்தக்கூடாதுன்னும் கம்பெனி சொல்லியிருக்கே, வெரியாவுக்குப் போய்த் திரும்புமா?

ஆர்கிரிஸ்: திரும்பும். ஏசி போடாம, வேர்வையோட.

தோமாயி: அப்ப முன்வாசல்ல கொண்டாந்து ஏத்திக்கறது...

ஆர்கிரிஸ்: ஏழு படி. அவளால ஒண்ணுகூட முடியாது. பின்னால, வண்டிங்க நிக்கற தூணுங்களுக்கு நடுவுல, லிஃப்டுலேர்ந்து சரிவா இறங்குதே... சக்கர நாற்காலி அதுலதான் வரும். வண்டியை அங்க கொண்டாந்து, அவளைத் தூக்கி உள்ள வெச்சு... பத்து நிமிஷம்.

தோமாயி: பத்தா! ஒரு நிமிஷம்கூடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. டாக்ஸி வெச்சு கல்லறை வரைக்கும் போங்க, அங்க உங்க வண்டிக்கு மாத்திக்கலாம்.

ஆர்கிரிஸ்: அதையும் சொல்லிப் பார்த்தேன். 'கல்லறைக்கு நான் ஒரே ஒரு தடவைதான் வண்டியில போவேன், அதுக்கு இன்னும் நாள் இருக்கு'ன்னுட்டா.

தோமாயி: இடுப்புதான் உடைஞ்சுது அவளுக்கு. வாய் அப்படியே இருக்கு.

ஆர்கிரிஸ்: எட்டு நிமிஷம்.

தோமாயி: ரெண்டு.

ஆர்கிரிஸ்: ரெண்டு நிமிஷத்துல அவ கைப்பையையே தேடி முடிக்க மாட்டா. ஆறு. கூட ஒரு டின் நல்ல ஆலிவ்.

தோமாயி: ஆலிவ் தீயை அணைக்குமா? மூணு. அதுவும் தீயணைப்பு சிலிண்டரோட நான் பக்கத்துலயே நிப்பேன்.

ஆர்கிரிஸ்: அஞ்சு. மணல் வாளியும் எடுத்துக்கங்க. பாதிரியாரையும் கூப்பிட்டுக்கங்க.

தோமாயி: மூணு. அவ்வளவுதான். ஓரமா நிறுத்தணும், நாலாம் நம்பர்ல இடம் இல்லை. அங்க மாக்கிஸ் வண்டி நிக்குது.

ஆர்கிரிஸ்: நிக்குது. என் இடத்துல உங்க மாப்பிள்ளை வண்டி. சும்மா கிடக்கற இடம்தானேன்னு நானும் வாயைத் திறக்கலை.

தோமாயி: உங்க பேட்டரி மாத்தின அன்னிக்கே எடுத்துடுவான்.

ஆர்கிரிஸ்: எடுப்பான், எடுப்பான். ஒண்ணுதான் புரியலை. தலைக்கு மேல அஞ்சு மாடி. மழை இல்லை, வெயில் இல்லை. அந்த வண்டிக்கு எதுக்கு எந்நேரமும் போர்வை?

தோமாயி: ... புறா.

ஆர்கிரிஸ்: புறா.

தோமாயி: ஆமா. உள்ளயும் வருது.

ஆர்கிரிஸ்: செவ்வாய்க்கிழமை அந்த சர்வீஸ் கூடத்துல, எனக்கு ரெண்டு வரிசை முன்னால ஒருத்தன் தொப்பியைக் கண்ணுவரை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். கையில வரிசைச் சீட்டு. இருநூத்திப் பத்து.

தோமாயி: எத்தனையோ பேர் வருவாங்க...

ஆர்கிரிஸ்: என்னைப் பார்த்ததும் காப்பியைச் சட்டையில கவுத்துக்கிட்டான். நம்ம மாக்கிஸ். வண்டிக்குப் பேர்தான் வேற. வயித்துல அதே பேட்டரி, கையில அதே கடுதாசி.

தோமாயி: மெதுவா பேசுங்க அண்ணே... மாடியில ஜன்னல் திறந்திருக்கு.

ஆர்கிரிஸ்: இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. பேரம் பேசறப்பவே இதைத் தூக்கிப் போட்டிருந்தா பத்து நிமிஷமும் வாங்கியிருப்பேன். மூணுதான் வாங்கினேன், அது போதும். இது உங்களுக்காகச் சொல்றது. உங்க படுக்கைக்கு நேர் கீழ தோமாயிம்மா! மேல பன்னெண்டு வீடு, அதுல கைக்குழந்தையோட உங்க பொண்ணு. கல்லறை வாசல்ல என் வண்டிக்குப் பக்கத்துல ஒரு இடம் காலி. இன்னிக்கே அவனுக்குப் பிடிச்சு வைக்கறேன். ரெண்டு பேருமா நடந்து வர்றோம், பேச்சுத் துணையாவது ஆகும்.

தோமாயி: பிடிச்சு வைங்க. இன்னிக்கே எடுக்கச் சொல்றேன்... ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷமே எடுத்துக்கங்க அண்ணே, அவளை அவசரப்படுத்தாதீங்க. சிலிண்டரோட நானும் நிக்கறேன். அந்தப் படுக்கையில யாரும் இல்லை... மாக்கிஸுக்குக் கடுதாசி வந்த நாள்லேர்ந்து பொண்ணும் குழந்தையும் தெருப்பக்க அறையில, நான் பதினோரு மாசமா சமையலறை பெஞ்சுல.