சிறந்த துணைவி விருது

எங்க வூட்டுக்காரருக்கு பிரஷர் நல்லாத்தான் இருக்கும், பாத்துக்க கண்ணு. கம்பெனி நர்சுங்க நீங்க வாரம் தவறாம வந்து பட்டி கட்டிக் காத்தடிக்கறீங்க, அப்பறம் எப்படிக் கெட்டுப்போகும்? பக்கவாதத்துல படுத்தவரு. ஒரு பக்கம் வராது, பேச்சும் வராது. காது மட்டும் பாம்புக் காது.

அந்த வீல்சேரா? அதுவும் உங்க கம்பெனி குடுத்ததுதான். சுத்தி நின்னு போட்டோ புடிச்சாங்க. எங்க வாசல் நெலவுப்படி தாண்டி உள்ள வரமாட்டேங்குது. இப்ப தொவைச்ச துணியெல்லாம் அதுல குந்தியிருக்குது.

அவரு அடியில விரிச்சிருக்கறது பொன்னாடை. மகளிர் தினத்துக்கு, சிறந்த துணைவின்னு உங்க கம்பெனியில எனக்குப் போத்துனாங்க. மேனேஜர் வர்ற வரைக்கும் மேடையில நிக்க வச்சிட்டாங்க. என் சேவையப் பத்தி ஒருத்தர் பேசறாரு, பேசறாரு, நிறுத்தக் காணோம். இங்க இவரு நனைஞ்சு கெடக்கறாரு. ஆனா பொன்னாடையக் கொற சொல்லக்கூடாது. நல்லா வழுக்குது. அடியில போட்டு இழுத்தா பொரட்டறது சுளுவு.

ஆளு கனம். கிரானைட் குவாரியில கெடந்த ஒடம்பு. நானும் வேளாவேளைக்கு ஊட்டறேன், இன்னும் ஏறுது. முதுகு வலிக்குதுன்னு ஓசூர்ல டாக்டரப் பாத்தேன். ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாதுன்னாரு. அப்ப இவர? சிப்காட்லருந்து கிரேன் வருமா? பையன் நவீன்குமாரும் பெங்களூருலருந்து வீடியோவுல வந்து, அம்மா நீ ஒடம்பப் பாத்துக்கங்கறான். சொல்லிட்டு, போனை அப்பா பக்கம் திருப்புங்கறான். திருப்பறேன்.

இல்ல கண்ணு, நான் உக்காரல. நின்னுக்கறேன். காலு அகட்டி நடக்கறனா? வயசாச்சில்ல.

கெளம்பிட்டியா? சரி, அந்தக் கதவ மட்டும் சாத்திட்டு இப்படிச் சமையக்கட்டுப் பக்கம் வா. மெதுவாப் பேசு. அவருக்குக் கேட்டுதுன்னா அழுவாரு. அப்பறம் நல்லாருக்கற கையால கட்டில இறுக்கிப் புடிச்சிக்கிட்டு என்னைத் தூக்கவே வுட மாட்டாரு. அந்த ஓசூர் டாக்டரு ஆம்பள, எனக்குச் சொல்ல வாய் வரல. கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்து நிக்குது கண்ணு, பொங்கலுக்கு முன்னாடியிருந்தே. துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் அவரத் தூக்கறேன். ஆபரேசன்னு சொல்லுவ, தெரியும். நான் படுத்திருக்கற வரைக்கும் இவர யாரு பொரட்டுவா? மொதல்ல அதச் சொல்லு.