கேட்காமல் போகிற வழி

— நான் போய்க் கேட்டதுதான் தப்புங்காங்க எப்பா. கேக்காமப் போயிருந்தா ஒண்ணுமே இல்லையாம்.

— யாரு சொன்னா?

— ஐரீன் அம்மாதான். எங்க கேர் ஹோம்ல ஜன்னலோரக் கட்டில்ல இருக்காங்க. தினம் நான்தான் குளிப்பாட்டி விடுறேன்னு சொல்லுவேன்ல, அந்த இங்கிலீஷ்கார அம்மா.

— அடுத்தவன் வயக்காட்டுக்குள்ள கால வைக்குமுன்ன அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கது தப்பா, ஏட்டி மாரிசெல்வி? நான்தான கேக்கச் சொன்னேன்.

— நீ சொன்னபடியேதான் செஞ்சேன். கேட்டுக்கு வெளிய ஷூவக் கழத்தி வச்சிட்டு, அந்தப் பண்ணைக்காரர் முற்றத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னேன். சாக்ஸெல்லாம் சகதி. அந்த ஆளு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. பாதையில போகலாமான்னு அவர்ட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையாம். நான் கேட்டதும் யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு. ஆடு குட்டி போடுற சமயம், நீ இந்தப் பக்கம் வராம இருந்தா சந்தோஷம்னுட்டாரு.

— மரியாதையாத்தான சொல்லியிருக்கான்.

— அரே எப்பா, இங்க கூடாதுன்னு அடிச்சுச் சொல்றதே அப்படித்தான்.

— சரி, கூடாதுன்னா விட்டுரு. ரோட்டு வழியாப் போ.

— ரோடு மலையச் சுத்திக்கிட்டுப் போகுது. ஓரமா நடக்க எடமே இல்ல. ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் செடிவேலி. வளைவுல பால் லாரி வந்தா முள்ளுக்குள்ளதான் சாயணும். பாலம் கட்டுற வேலைன்னு பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. இந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு தடவை லேட். இன்னொரு தடவை லேட்டா வந்தா நீ வர வேண்டாம்னு மேனேஜர் மேடம் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. வேலை போனா விசா போச்சு. அவ்வளவுதான், கதம்.

— போனாப் போகுது. வந்துரு. தாராவியில ஒனக்குச் சோறு இல்லாமலா போச்சு?

— ஒங்கூட கோடவுன்ல பிளாஸ்டிக் பிரிக்கவா நான் நர்சிங் படிச்சேன்? வர மாட்டேன்.

— இப்ப எங்கன நிக்க?

— அதே கேட் முன்னால. இன்னைக்கு ஷூவக் கழத்தல.

— ஏட்டி, சொல்லுதத கேளு. அம்புட்டுப் பெரிய மலையில வேற வழியா இல்ல?

— மூணு வழி இருக்கு. ஐரீன் அம்மா கட்டில்ல படுத்தபடியே காட்டினாங்க. கம்பளிக்குள்ள ரெண்டு முட்டியையும் மடக்கி நிமித்தி, இதான் மலைன்னாங்க. ஒரு வழி வலது முட்டி மேல, சர்ச்சுக்குப் பின்னால ஏறி உச்சியில பாறையச் சுத்தி இறங்குது. அங்க காத்து ஆளையே தள்ளிரும். இன்னொண்ணு இடது முட்டிக்கு அந்தப் பக்கம், பழைய மில்லு ஓடையோரமா. மழை பேஞ்சா சகதியில முழங்கால் வரைக்கும் இறங்கும். இந்த வழி ரெண்டு முட்டிக்கும் நடுவுல. இதான் குறுக்கு. ஞாயித்துக்கெழம ஆனா அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் இதுல ஏதாவது ஒண்ணுல கெளம்பிருவாங்களாம்.

— ஞாயித்துக்கெழமயுமா வேலை?

— வேலை இல்ல, சும்மா. ரொட்டியக் கட்டிக்கிட்டு மேல போய், உக்காந்து தின்னுட்டு இறங்கி வந்துருவாங்களாம். இப்பவும் லீவு நாள்ல கூட்டம் கூட்டமா கம்பு ஊணிக்கிட்டு ஏறுறாங்க.

— நான் நாள் பூரா மூட்டையோட இரும்பேணி ஏறுதேன்னு அந்தம்மாட்டச் சொல்லு.

— சொன்னேனே. ஒங்கப்பா காலுக்கு ரொம்ப நல்லதுன்னாங்க.

— ராத்திரி வந்து என் காலுட்டக் கேக்கச் சொல்லு.

— எப்பா, வெளையாட நேரமில்ல. நெலம் அவரோடதுதான். ஆனா வழி அவரோடது இல்ல. சர்க்கார் மேப்புல கோடு போட்டிருக்கு. கம்பத்துல மஞ்ச அம்புக்குறி அடிச்சிருக்கு. வேலியத் தாண்ட மரப்படியும் போட்டிருக்கு. யாரு வேணா போகலாம். யாரும் நடக்காம விட்டாத்தான் புல்லு மூடி, அங்க வழியே இல்லன்னு ஆகிருமாம். ஐரீன் அம்மாவுக்கு எம்மேல கோவமே அதான். அவர் பூட்ட முடியாத கதவுக்கு நீ ஏன் போய் சாவியக் குடுத்தேன்னு திட்டினாங்க.

— மேப்பு. எங்க ஊர் வரப்பும் மேப்புல இருந்துச்சுதான்.

— எந்த வரப்பு?

— ஒனக்குச் சொன்னதில்ல. ஒங்க தாத்தா செத்தப்ப, வரப்பு வழியாப் போனா சுடுகாடு ஒரு பீடி குடிக்கிற தூரம். பண்ணையார் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். தோள்ல கெடந்த துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, முற்றத்துலதான் நின்னோம். அவரும் யோசிச்சாரு. நாத்து நட்டிருக்கு, வாய்க்கா வழியாக் கொண்டு போங்கன்னாரு. ஐப்பசி மாசம், தண்ணி நெஞ்சு மட்டும் போகுது. ஒங்க பெரியப்பா முன்னால, நான் பின்னால, பாடையத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இறங்குனோம். அக்கரை போய்ச் சேருததுக்குள்ள தாத்தா நனைஞ்சிட்டாரு. ஈரத்தோடதான் கொள்ளி வச்சோம். பதினாறு முடிஞ்ச கையோட பம்பாய்க்கு ரயிலேறினவந்தான். இனிமே எவன் மண்ணுலயும் கால வைக்கதில்லன்னு இருந்துட்டேன். ஒனக்கும் அதான் சொல்லுதேன்.

— நம்ம கல்லிச் சந்துல யார் வாசலையும் மிதிக்காம ஒன்னால வேலைக்குப் போக முடியுமா எப்பா? சபுரா சாச்சி அடுப்பத் தாண்டித்தான் தினம் போற. ஒரு நாளாவது அவங்கட்டக் கேட்டியா?

— அது நம்ம ஜனம்.

— நான் அந்தச் சந்துல வளந்தவ. கேட்டுட்டு நடந்து பழக்கமில்ல. நேத்துதான் மொத தடவை கேட்டேன், ஒன் பேச்சக் கேட்டு. அன்னைக்கு நீயும் பெரியப்பாவும் கேட்டீங்க. கேட்டதாலதான அந்தப் பண்ணையார் யோசிச்சாரு?

— ஏட்டி, ஒத்தையில பொம்பளப் புள்ள. நாய் கெடக்கும்.

— நான் படி ஏறித் தாண்டிட்டேன்.

— என்னது?

— உள்ள இருக்கேன். புல்லு ஈரமா இருக்கு. மேட்டுல பூரா ஆடு.

— போன வைக்காத. கேட்டியா, வைக்காத. குட்டி இருக்க பக்கம் போகாத, தாயாடு மெரண்டா அவனுக்குக் கோவம் வரும். ஓரமா நட. ஓடாத. ஓடினா களவாணிம்பான்.

— ஓடல. ஒரு குட்டி பொறந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும் போல. நிக்க முடியாம நிக்குது.

— அதப் பாக்காத, முன்னால பாரு. முற்றம் தெரியுதா?

— தெரியுது. அவரும் நிக்காரு. கையில வாளி. எப்பா, என்னையப் பாத்துட்டாரு.

— திரும்பிரு தாயி.

— மாட்டேன்.

— நாய் இருக்கா?

— இருக்கு. அவர் காலடியில படுத்திருக்கு. எப்பா, வாளியக் கீழ வச்சிட்டாரு. இந்தப் பக்கம் வாராரு.

— தலையக் குனியாத.

— ம்.

— கையக் கட்டாத. கட்டியிருந்தா எடுத்துரு. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. நேராப் பாத்து நட.

— குட் மார்னிங். ஐ ஆம் வாக்கிங் டு ஒர்க். திஸ் இஸ் தி ஃபுட்பாத்.

— என்ன சொல்லுதான்? ஏட்டி? மாரிசெல்வி?

— இரு, இரு. கேட் கொக்கிய மாட்டிக்கிட்டு இருக்கேன்.

— என்ன சொன்னான்னு சொல்லேன்.

— மார்னிங்னாரு. போறப்ப கேட்ட நல்லாச் சாத்திட்டுப் போ, குட்டி வெளிய வந்துரும்னாரு.

— வேற?

— வேற ஒண்ணுமில்ல. வாளியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. முற்றத்தத் தாண்டிட்டேன் எப்பா. கீழ எங்க ஹோம் கூரை தெரியுது. இன்னைக்கு நேரத்துக்கு முன்னாலயே போயிருவேன்.

— சரி தாயி. நீ போ.

— அங்க என்ன அனவுன்ஸ்மென்ட் சத்தம்? நீ கோடவுன்ல இல்லியா?

— தாதர் ஸ்டேஷன்ல நிக்கோம். ஒங்கம்மாவும் கூட இருக்கா.

— எங்க போறீங்க?

— ஒங்க பெரியப்பா விடியக்காலம் தவறிட்டாரு, தாயி. வேலைக்குப் போற நேரத்துல ஒன்ட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன். எனக்காவ ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்க.

— எப்பா.

— அழுதுக்கிட்டே அந்தம்மாவக் குளிப்பாட்டாத, பயந்துருவாங்க. இன்னொண்ணு கேளு. அந்தப் பண்ணையார் மவன் வரப்பு வழியாக் கூடாதுங்கானாம். அண்ணன் மவன் பேசிப் பாத்திருக்கான், நடக்கல. நான் வந்து பக்குவமாக் கேக்கேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். என்ன வார்த்தை சொல்லிக் கேக்கலாம்னு காலையில இருந்து இதே பெஞ்சுல உக்காந்து யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

— இப்ப என்ன செய்யப் போற?

— ஏளா ஆறுமுகத்தாயி, ஒன் போன எடு. ஊருக்குப் போட்டு அண்ணன் மவன்ட்டச் சொல்லு, எவன் முற்றத்துலயும் யாரும் போய் நிக்க வேண்டாம். அண்ணன வரப்பு மேலதான் கொண்டு போறோம், முன்னால நான் தூக்குதேன்.