ரெண்டு மணி பத்து நிமிஷம்

— இன்னொரு தரம் சொல்லுடா. நாளன்னைக்குக் காலையில பத்துக்கு பிளேன் ஏறுறேன். அப்புறம்?

— அப்புறம் என்னண்ணே, பன்னெண்டு பத்துக்கு இறங்குறீங்க. டிக்கெட்லயே போட்டிருக்கு பாருங்க. மொத்தம் ரெண்டு மணி பத்து நிமிஷம். நம்ம பஸ்ஸு ஒரு நடை போய்ச் சேர்ற நேரம்.

— நம்ம நடை அறுபது கிலோமீட்டர். இது எவ்வளவு?

— இது... கொஞ்சம் கூட இருக்கும். ஆகாசத்துல சிக்னலா இருக்கு? சல்லுனு போயிடும்.

— கண்டக்டரா இருந்துக்கிட்டு தூரம் தெரியாதுங்குறியே! சரி, ரெண்டு வேளை சாப்பாடு, ஒரு போர்வைனு போட்டிருக்கே. ரெண்டு மணி நேரத்துக்குப் போர்வை எதுக்குடா?

— ஏசி ஜாஸ்திண்ணே. அத விடுங்க, முதல்ல நம்ம பஸ்ஸுல உங்க தலைக்கு மேல தொங்குற கடிகாரத்தச் சரி பண்ணுங்க. ரெண்டு வருஷமா கத்துறேன். இப்ப மணி ஒன்பது, அது நாலரைங்குது. நேத்து ஒரு அம்மா அதப் பாத்துட்டு எங்கிட்ட மல்லுக்கு நின்னுச்சு.

— அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஸ்டீரிங் என் கையில இல்லாத வண்டியில நான் என்னைக்கு உக்காந்திருக்கேன்? மாமனார் வீட்டுக்குப் போனாக்கூட உன் அண்ணிய ரயில்ல ஏத்திவிட்டுட்டு, ஸ்கூட்டர்ல பின்னாலயே போனவன்.

— அண்ணி அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே!

— அவளும் பிரசவத்துக்குனு, கல்யாணமாகி வெளிநாடு போன மக கிட்டப் போய் ரெண்டு மாசமாச்சு. பேரன போன்லதான் பாக்குறேன். நேத்து கொட்டாவி விட்டான் பாரு, ஸ்டாண்டு பூராவும் காமிச்சேன்.

— எனக்கு மட்டும் நாலு தரம். மத்தியானம் பன்னெண்டானா போதும், வண்டி எங்க நின்னாலும் போனத் தூக்கிடுறீங்க.

— தூக்கி வச்சுக் கொஞ்சணும்டா அவன. ரெண்டு மணி நேரம்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுறேன்.

— அண்ணே...

— என்னடா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— மனசு கேக்கலண்ணே. சொல்லிடுறேன். அது ஆறு மணி நாப்பது நிமிஷம். ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அந்த ஊர் நேரம் நம்மளவிட நாலரை மணி நேரம் பின்னால. அதான் டிக்கெட்ல கம்மியாத் தெரியுது. பாப்பாதான் "உண்மையச் சொன்னா அப்பா வரமாட்டார் சித்தப்பா"னு கெஞ்சுச்சு. நானும் தலையாட்டித் தொலைச்சேன்.

— அதுக்குத்தான் போர்வையா!

— நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். போகமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் புள்ள வழி பாத்துக்கிட்டு இருக்கும்ணே.

— விசில் ஊது, வண்டிய எடுக்கலாம். ஆங், நான் போனதும் அந்தக் கடிகாரத்துல நம்ம ஊர் நேரம் வச்சிடு. எனக்குப் பதிலா வர்ற டிரைவர் குழம்பிடப் போறான்.

— நம்ம ஊர் நேரமா? அப்ப இதுல இப்ப ஓடுறது?

— அங்க இப்ப விடியக்காலம் நாலரை மணி, பாப்பா அசந்து தூங்குவா. ஏழரை காட்டுனாத்தான் நான் போனத் தொடுவேன். ரெண்டு வருஷம் முன்ன பாப்பா அங்க போன நாள்லேர்ந்து அதுல ஓடுறது அவ ஊர் நேரம்டா, மக்கு!