பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

(திண்டிவனம் நலவாழ்வு அறக்கட்டளை மருத்துவமனையின் புதிய இணைப்புத் திறப்பு விழாவில் கிளியனூர் பாண்டுரங்கன் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமையேற்று, 'சுருக்கமா முடிச்சிடுங்க' என்று என் காதில் அன்போடு கட்டளையிட்டிருக்கும் டாக்டர் சித்ரா அம்மையார் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! மேடையில் நாற்காலி கிடைக்காமல் அதன் ஓரத்தை அலங்கரிக்கும் பெரியோர்களே! கையில் பொன்னாடையோடு, யாருக்குப் போர்த்துவது என்று முடிவாகாமல் தவிக்கும் அறக்கட்டளைச் செயலாளர் தேவநாதன் அவர்களே! தலைமைச் செவிலியராய் இருந்து இந்த மருத்துவமனையைத் தாங்கிய கோட்டக்குப்பத்துச் சகோதரி ஹாஜிரா பீவி அவர்களே! மாத்திரை வாங்க வந்து என் பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் தாய்மார்களே! உங்கள் அனைவரின் பொறுமையையும் முதலில் வணங்கிவிட்டுத் தொடங்குகிறேன்.

இதோ இந்த மேசைமேல் இரண்டு பெட்டிகள். கண்ணாடி இழை இணைப்பு, அதான் ஃபைபர், வந்துவிட்டதால் இன்று இவற்றுக்கு ஓய்வு. ஒன்று, ஐ.எஸ்.டி.என். டெர்மினல் அடாப்டர்; கணினி சொல்வதைத் தொலைபேசிக் கம்பி சுமக்கும்படி ஆக்கித் தருவது. மற்றொன்று சங்கேதப் பெட்டி; கணினி சொன்னதை யாருக்கும் விளங்காதபடி குழப்பி அடாப்டரிடம் கொடுப்பது. விழுப்புரம் பெரிய மருத்துவமனையில் இதேபோல் ஒரு ஜோடி. இரண்டு சங்கேதப் பெட்டிகளிலும் ஒரே ரகசிய எண் இருந்தால்தான் அங்கே குழப்பம் தெளியும். பொருளுள்ளதைப் பொருளற்றதாக்கி ஊர்விட்டு ஊர் அனுப்புவது! மேடையே வாழ்வாகக் கொண்ட எனக்கு இது தெரியாத தொழிலா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எதற்கு இந்த ரகசியம்? இந்தப் பெட்டிகள் வருமுன் இங்கே எடுத்த ஸ்கேன் படம் எப்படி விழுப்புரம் போனது? பஸ்சில் போனது! கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக்காரர் வரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். படம் போய்ச் சேருமுன் நோயாளியின் சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் சித்ரா அம்மையார் அடம்பிடித்து இந்தப் பெட்டிகளை வரவழைத்தார்கள்.

பெட்டிகளைப் பொருத்த வந்தவர் பொறியாளர் தென்னரசு. வந்த அன்றே இரண்டுக்கும் தகராறு. ஒன்றன் தாளத்துக்கு மற்றது நடக்க வேண்டுமாம். இரண்டுமே 'தாளம் நான்தான் போடுவேன்' என்று நின்றன. இணைப்பு வரும், விழும், வரும், விழும். விழாவுக்குத் தலைமை யார் என்று நம் ஊரில் நடக்காத சண்டையா? தென்னரசு சங்கேதப் பெட்டியைச் சமாதானப்படுத்தி, 'அடாப்டர் தாளம் போடும், நீ பின்பாட்டுப் பாடு' என்று அமைத்துவைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பெட்டிகள் ஒத்துப்போய்விட்டன! நம் அறக்கட்டளையில் இரண்டு உறுப்பினர்கள் அதுவரை ஒத்துப்போனதில்லை.

பிறகு வந்தது தொடக்க விழா. இதே பந்தல், இதே மேடை. எல்லாரும் பார்க்க வேண்டுமென்று பெட்டிகளை மேடைக்கே கொண்டுவந்து, அடாப்டருக்கு மாலை, சங்கேதப் பெட்டிக்குப் பொன்னாடை! தலைவர் ஒன்று போர்த்தினார். செயலாளர் விடுவாரா? அவரும் ஒன்று. செயலாளருக்குப் பிடிக்காதவர் இரண்டு! நான் போர்த்தவில்லை ஐயா. எனக்குப் பொன்னாடை வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை.

காற்றுத் துளையெல்லாம் ஜரிகை அடைத்துக்கொண்டது. பெட்டி கொதித்தது. அதன் இயல்பு என்ன தெரியுமா? அளவுக்கு மீறிச் சூடேறினால், எவனோ தன்னை உடைக்க வருகிறான் என்று எண்ணி, மனசிலிருக்கும் ரகசிய எண்ணைத் தானே அழித்துவிடும். மானமுள்ள பெட்டி! அன்பைத் தாக்குதல் என்று நினைத்து எண்ணை அழித்துவிட்டது. பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது.

அந்த நேரம் உள்ளே ஸ்கேன் அறையில் ஒரு பெண். கல்யாணம் நிச்சயமானவள். வயிறு வீங்கியிருந்தது. என்னவென்று தெரியாத சேதி ஊருக்குத் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? நான் சொல்ல வேண்டியதில்லை, தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். படத்தில் ஏதோ நிழல். விழுப்புரத்து நிபுணர் சீனுவாசன் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும். அவரோ மதிய ரயிலுக்குக் கிளம்பவேண்டியவர்.

"அந்தப் பொட்டியக் கழட்டிட்டு, அடாப்டர்லயே நேரா சொருகி அனுப்பிடலாமே?" என்றார் தேவநாதன். ஹாஜிரா பீவி உள்ளே போய்க் கேட்டுவந்தார். அந்தப் பெண் சொன்னது இதுதான்: "தொறந்து போட்டு அனுப்பறதுன்னா வாணாங்க்கா. ஊர் வாய்ல வுழுந்துட்டு உசுரோட இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

சரி, பொன்னாடைகளை உருவியாயிற்று; இனி புது எண் போடவேண்டும், இரண்டு ஊரிலும் ஒரே எண். தென்னரசு மேடைமேல் இருந்த தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் விழுப்புரத்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் காந்திமதி. அவர் காதில் விழவில்லை. இவர் கத்தினார். முன்னால் இருந்த மைக் அணைக்கப்படவில்லை! ரகசிய எண் பஸ் நிலையம் வரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலெல்லாம் முழங்கியது! "ஏழு மேடம், ஏழு!" என்று இவர் திணற, நம் மக்கள் சும்மா இருப்பார்களா? உதவும் குணம்! பந்தலே சேர்ந்து "ஏழு! ஏழு!" என்றது. வாசலில் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த இருதயமேரி அம்மாள், "ஏழும்மா! அப்பால நாலு! எத்தினி வாட்டி சொல்றது, பேஜாரு பண்ணிக்கினு!" என்றார்.

யாரது அங்கே? முன்வரிசையில் ஒருவர் அந்த எண்ணை இப்போதும் முழுசாகச் சொல்கிறார். வாழ்க உங்கள் நினைவாற்றல்! ரேஷன் கார்டு எண் நினைவிருக்கிறதா ஐயா?

தென்னரசு முகம் செத்துப்போயிற்று. எண்ணை மறுபடி மாற்றவேண்டும். தொலைபேசியை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினார். ஆனால் ஜன்னல் பந்தலைப் பார்த்தது. கத்தினால்தான் காந்திமதிக்குக் கேட்கும். 'வழியில் யாராவது ஒட்டுக்கேட்டால்?' என்கிறீர்களா? பேசுகிறவருக்கே கேட்காத லைனில் ஒட்டுக்கேட்பவன் பாவம், என்ன செய்வான்?

ஹாஜிரா பீவி நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, ஜல்தியா மைக்கைப் புடிங்க. நான் கைகாட்ற வரிக்கும் நிறுத்தாதீங்க."

"என்ன தலைப்பும்மா?"

"நீங்க பேசறதுக்குத் தலைப்பு எதுக்குண்ணே?"

பேசினேன்! ஏரியின் பெருமை தொடங்கி எறும்பின் பொறுமை வரை பேசினேன். கேப்பைக் கூழின் மாண்பைப் பேசினேன். திருவக்கரையில் மரம் கல்லானதைச் சொல்லி, மனம் கல்லாகலாமோ என்று கேட்டேன். கேள்வி கேட்டேன், பதில் வருமுன் அடுத்த கேள்வி கேட்டேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. தென்னரசு உள்ளே கத்திய ஓர் எண்கூட வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அன்று திண்டிவனத்தில் வேலை செய்த சங்கேதப் பெட்டி நான்தான் ஐயா!

ஹாஜிரா பீவி கைகாட்டினார். பச்சை எரிந்தது. படம் போனது. நிபுணர் ரயிலை விட்டார். கட்டிதான், எடுத்துவிடலாம் என்றார். அன்றைக்கே விழுப்புரத்தில் சேர்த்தார்கள், எடுத்தார்கள், பிழைத்தாள். சொன்ன முகூர்த்தத்தில் கல்யாணமும் நடந்தது.

பிறகு ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, அன்னிக்கு நீங்க பேசனது ஒண்ணுமே புரியலண்ணே. ஆனா நிறுத்தாம பேசிக்கினே இருந்தீங்க பாருங்க, அத்தக் கேட்டுக்கினுதான் படுத்துக்கினு இருந்தேன். யாருக்கு வேணாலும் சொல்லுங்க, பேரு மட்டும் வாணாம்" என்றாள். எத்தனையோ பட்டங்கள் வாங்கியிருக்கிறேன். பாதி நானே அச்சடித்தவை. அன்று கேட்டதுதான் பாராட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

என்ன? "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. வரும் என்று தெரியும். கேட்பது நம் குணம்! கருவியை மாற்றலாம், கம்பியை மாற்றலாம், கண்ணாடி இழையே வரலாம். இந்த வாய்க்குப் பூட்டு எந்தக் கம்பெனி செய்யும்? அதை அவரவர்தானே செய்துகொள்ள வேண்டும்? அந்தப் பெண் இந்தப் பந்தலில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மா, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். முன்னால் பாருங்கள்.

தேவநாதன் அவர்களே, பொன்னாடையோடு நெருங்காதீர்கள். எனக்கும் காற்று வேண்டும். நானும் ஒரு ரகசியம் வைத்திருக்கிறேன்.

இதோ, ஹாஜிரா பீவி கைகாட்டுகிறார். அவர் சொல்லி நான் நிறுத்தாமல் இருந்ததில்லை. இவ்வளவு நேரம் பேசினேன், சொல்லக்கூடாததைச் சொல்லவில்லை. கேட்ட உங்களுக்கு நன்றி. கேட்டும் கேளாமல் போகப்போகிற உங்களுக்கு இன்னும் பெரிய நன்றி. வணக்கம்.